பதினெட்டு டிகிரி

ஏப்ரல் 9, செவ்வாய்

என் மகள் மிருதுளாவுக்கு விடுமுறைப் பாடமாக டைரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தனியாக எழுத மாட்டேன், நீயும் எழுது என்று அடம். சரி என்று உட்கார்ந்தேன். படிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது அவள் டீச்சர் போட்ட விதி.

ஆகவே: நான் பிரபாவதி. கோவை கணபதியில் வீடு. மாடி அறைதான் ஆபீஸ். கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேட்சரிகளுக்கு நானும் என் கணவர் தியாகுவும் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிறோம். முட்டை வைத்திருக்கும் அறைகளின் சூடு, ஈரம், காற்று மூன்றையும் அந்தக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். புரோகிராம் எழுதுவது அவர். கம்ப்யூட்டர் பெட்டியைப் பாகம் பாகமாகச் சேர்ப்பதும், இடத்துக்குப் போய் மாட்டுவதும், வாடிக்கையாளர் போனை எடுப்பதும் நான்.

காலையில் தண்ணீர் வந்தது. ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டதால் அண்டா, வாளி, மிருவின் பழைய குளியல் டப் வரை பிடித்து வைத்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

நடுவில் பல்லடத்திலிருந்து பிரான்சிஸ் போன். நாச்சிமுத்து அண்ணன் முதலாளியாக இருக்கும் ஹேட்சரியில் இவர் சூப்பர்வைசர். திண்டுக்கல்காரர், எதையும் இரண்டு முறை கேட்பவர். “மேடம், நம்ம புரோகிராம்ல பிராசசர் சூடு எழுபதுன்னு காட்டுது. நான் நெட்ல ஒரு இலவச புரோகிராம் இறக்கிப் போட்டேன். அது எண்பத்தெட்டுங்குது. எதை நம்புறது?”

ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன். ஸ்கிரீன் மெதுவாக நகர்கிறதாம், அதனால் பார்த்தாராம். அப்டேட் ஏதாவது ஓடும், இரண்டு புரோகிராம் ஒரே மாதிரி காட்டாது, கவலைப்படாதீர்கள் என்றேன்.

போன வருடம் இதே வெயிலில் போனைக் கீழே வைக்க முடியவில்லை. சூடு ஏறுது மேடம், நிறுத்தட்டுமா மேடம் என்று நாள் முழுக்க. இந்த வருடம் இது ஒன்றுதான். தீபாவளிக்குப் பிறகு தியாகு அனுப்பிய புது வெர்ஷன் நன்றாக அமைந்துவிட்டது.

ஏப்ரல் 10, புதன்

மாவு அரைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

பிரான்சிஸ் மறுபடியும். நம்முடையது எழுபத்திரண்டு, அது தொண்ணூறு. இந்த முறை விளக்கமாகவே சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்றுதான் தோன்றியது, அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பிராசசருக்குள் ஒரே ஒரு சென்சார் இல்லை. கோர் என்று சொல்கிற அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று உண்டு. சிப் முழுவதற்கும் ஒன்று உண்டு. சிப்புக்கு அடியில் போர்டிலும் ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு புரோகிராம் அவற்றில் அதிகச் சூடானதைக் காட்டும், இன்னொன்று சராசரி போட்டுக் காட்டும், வேறொன்று போர்டில் இருப்பதைப் படித்துவிட்டு அதுதான் பிராசசர் என்று சொல்லும். ஒன்று நொடிக்கு நொடி பார்க்கும், இன்னொன்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். சூடு குபீரென்று ஏறி இறங்கும்போது ஒன்றின் கண்ணில் படுவது மற்றதன் கண்ணில் படாது.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. எங்கள் பெட்டியில் உள்ள சிப்பின் சென்சார், இத்தனை டிகிரி என்று நேராகச் சொல்வதே இல்லை. சிப் தாங்கக்கூடிய எல்லைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்றுதான் சொல்லும். எல்லை நூறு, மிச்சம் முப்பது என்றால் எழுபது என்று கழித்துக்கொள்ள வேண்டியது புரோகிராமின் வேலை. எல்லை எது என்று அதற்குத் தப்பாகத் தெரிந்திருந்தால் விடை முழுவதும் தப்பு. “நெட்ல கிடைக்கிறது எல்லாச் சிப்புக்கும் பொதுவா எழுதினது பிரான்சிஸ். நம்மளது இந்தச் சிப்புக்குன்னே எழுதினது” என்றேன்.

“அப்ப நம்மளதுதான் சரிங்களா மேடம்?”

“நம்மளதுதான் சரி.”

மதியம் சாப்பிடும்போது தியாகுவிடம் சொன்னேன். ரசத்தைக் கலந்துகொண்டிருந்த கை நின்றது. “அதை அழிச்சிடச் சொல்லு. ரெண்டு புரோகிராம் ஒரே சென்சாரை மாத்தி மாத்திக் கேட்டா அதுவே குழப்பம்” என்றார். அதுவும் உண்மைதான், அப்படி ஆவதுண்டு. பிரான்சிஸுக்குப் போன் செய்து அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டார்.

நான் சொன்ன காரணங்களில் எதற்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வராதே என்று பாத்திரம் கழுவும்போது தோன்றியது. குக்கர் விசில் அடித்தது. போய்விட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். தியாகு சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்றார்.

ஏப்ரல் 17, புதன்

பிரான்சிஸ் போன். பெட்டியை நிறுத்தி ஃபேனைச் சுத்தம் செய்யட்டுமா என்று கேட்டார். குஞ்சு பொரிக்கிற இடத்தில் மெல்லிய இறகுத் தூசி காற்று முழுக்கப் பறக்கும். பஞ்சு மாதிரி எதிலும் போய் அடையும். ஆனால் பெட்டியை நிறுத்தினால் கையால் பார்க்க ஆள் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொரிக்க வேண்டிய முட்டைகளை அடுத்த அறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிற நேரம். முதலாளி திட்டுவார் என்று தயங்கினார்.

இப்போது எவ்வளவு காட்டுகிறது என்றேன். எழுபத்தாறு.

“எழுபத்தாறுக்கு ஒண்ணும் ஆகாது பிரான்சிஸ். தொண்ணூறு தொட்டா அலாரம் அடிக்கும். ஞாயித்துக்கிழமை பொரிச்சு முடியட்டும், திங்கக்கிழமை நானே வந்து சுத்தம் பண்ணித் தர்றேன்.”

“சரிங்க மேடம். நீங்க சொன்னா சரி.”

மிருவுக்கு நீச்சல் வகுப்பில் இடம் கிடைத்தது.

ஏப்ரல் 21, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணன் போன் செய்தார். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதாம். உடனே வரச் சொன்னார். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் வைத்துவிட்டார். கிளம்புகிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

நேற்று திரும்பியதும் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிட வேண்டும்.

குஞ்சு பொரிக்கும் நாளில் ஹேட்சரிக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும். வாசலிலேயே சத்தம் கேட்கும். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே நேரத்தில் கத்தும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டும். நான் வேனை நிறுத்திவிட்டு இறங்கினேன். சத்தமே இல்லை. இன்று பொரிக்கிற நாள் இல்லையோ, தேதியைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்றுதான் முதலில் தோன்றியது.

அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளிருந்து வேகவைத்த முட்டை வாசனை. தட்டுத் தட்டாக அடுக்கிய முட்டைகள். ஓட்டில் விரல் நுனி அளவு ஓட்டை, அதில் சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்ட மூக்குகள். சில குஞ்சுகள் பாதி உடம்பு வெளியே வந்திருந்தன. ஈரம்கூடக் காயவில்லை. ஒரு தட்டை இழுத்துப் பார்த்தேன், அடுத்ததை இழுத்தேன், அதற்கடுத்ததையும். எங்கேயாவது ஒன்று அசையும் என்று நினைத்தேனோ என்னவோ. அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, “விடுங்கக்கா, எல்லாம் பாத்துட்டோம்” என்றாள்.

நடந்தது இதுதான். காலையில் கம்ப்யூட்டர் தானாக அணைந்திருக்கிறது. கடைசி நாட்களில் முட்டைக்குள் குஞ்சு வளர்ந்துவிடுவதால் முட்டையே சூடு விடும். காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் அணைந்ததும் காற்றுப் போகும் வழி மூடியபடியே நின்றுவிட்டது. அபாயச் சங்கும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ் சர்ச்சுக்குப் போயிருந்தார். அவர் வந்து கதவைத் திறந்தபோது முடிந்துவிட்டது.

நான் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஃபேனே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி.

நாச்சிமுத்து அண்ணன் அதைப் பார்த்தார். பிரான்சிஸைப் பார்த்தார். “இதைத் தொடைக்கறதுக்கு உனக்கு நேரமில்லை. சர்ச்சுக்குப் போக நேரமிருக்குது. இன்னைக்கே கணக்கை முடிச்சுட்டுப் போயிரு” என்றார். கத்தவில்லை. பிரான்சிஸ் என் பக்கம் திரும்பினார், நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல. நான் அந்தத் தூசியையே பார்த்தேன். எங்கள் புரோகிராம் கடைசியாகப் பதிவு செய்திருந்த சூடு எண்பத்திரண்டு. எண்பத்திரண்டில் எந்தச் சிப்பும் அணையாது. அப்படியானால் சூடு காரணம் இல்லை, கரண்டாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியை வேனில் ஏற்றி எடுத்துவந்தேன். வழியில் சூலூர் தாண்டி ஓரமாக நிறுத்தி வாந்தி எடுத்தேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

மிருவை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து பெட்டியை மேசையில் வைத்தேன். தியாகு பெட்டிக்குக் கரண்டு கொடுக்கும் போர்டு வாங்க டவுனுக்குப் போயிருந்தார்.

தூசியை எடுக்காமல் அப்படியே ஓட்டினேன். எங்கள் புரோகிராம் ஒரு பக்கம்; பிரான்சிஸ் சொன்ன அந்த இலவச புரோகிராமை நானே இறக்கி இன்னொரு பக்கம்.

தொடக்கத்தில் நாற்பது, ஐம்பத்தெட்டு.

வேலை கொடுத்தேன். அறுபது, எழுபத்தெட்டு. இன்னும் கொடுத்தேன். எழுபது, எண்பத்தெட்டு. நிறுத்தி ஆறவிட்டேன். ஐம்பது, அறுபத்தெட்டு.

நான் பிரான்சிஸுக்குச் சொன்ன காரணங்களால் வருகிற வித்தியாசம் ஒரே அளவில் நிற்காது. வேறு வேறு சென்சார் என்றால், வேலை கூடும்போது இடைவெளி கூடும், ஆறும்போது குறையும். சராசரி என்றால் ஒன்று பின்தங்கி வரும். இது அசையவே இல்லை. ஏறினாலும் பதினெட்டு, இறங்கினாலும் பதினெட்டு. மிச்சம் இருப்பது ஒரே காரணம், எல்லை எது என்பதில் பிசகு. எந்தப் புரோகிராமில்? பெட்டியிலேயே, எதையும் இன்ஸ்டால் செய்யாமல், தொடக்கத் திரைக்குப் போனால் சிப் தன் எல்லையைச் சொல்லும். போய்ப் பார்த்தேன். நூறு. அந்த இலவச புரோகிராம் சரியாகத்தான் கழித்திருக்கிறது.

தியாகுவின் கம்ப்யூட்டரைத் திறந்து புரோகிராமைப் பார்த்தேன். எல்லை என்ற இடத்தில் நூறுதான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. அடுத்த வரியைப் படித்தேன். வருகிற விடையில் பதினெட்டைக் கழி.

தெரியாமல் விழுந்த பிழை இல்லை அது. கழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறது.

அவர் வரும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். காற்றாடிகூடப் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வந்தார். “இந்தப் பதினெட்டு எதுக்குங்க?” என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

“போன வருசம் எத்தனை போன் வந்துச்சு, உனக்கே தெரியும். எண்பத்தஞ்சு எண்பத்தெட்டுன்னு பாத்தவுடனே மெஷினை நிறுத்திடறாங்க. சிப்புக்கு ஒண்ணும் ஆகறதில்லை, நம்பரைப் பாத்துத்தான் பயப்படறாங்க. கேட்டாங்க. கொஞ்சம் இறக்கிக் காட்டினேன். அவ்வளவுதான் பிரபா. யாரையும் ஏமாத்தணும்னு இல்லை.”

“அலாரம்?”

“அலாரம் தொண்ணூறுல அடிக்கும்.”

“எந்தத் தொண்ணூறு?”

அவர் என்னை விலக்கிவிட்டு உட்கார்ந்து வேகவேகமாகக் கீழே கீழே போனார். ஒரு இடத்தில் கை நின்றது. அவர் முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். திரையில் காட்டும் எண்ணை மட்டும் மாற்றியதாக நினைத்திருக்கிறார். அலாரமும் அதே எண்ணைத்தான் படித்திருக்கிறது. எங்கள் புரோகிராம் தொண்ணூறு என்று சொல்ல வேண்டுமானால் சிப் நூற்றெட்டைத் தொட வேண்டும். நூறிலேயே அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும்.

அலாரம் அடித்திருக்கவே முடியாது. எந்த ஊரிலும். தீபாவளியிலிருந்து.

“அய்யோ” என்றார் மெதுவாக.

ஏப்ரல் 24, புதன்

சமைக்கவில்லை. மிரு அக்கா வீட்டிலேயே இருக்கிறாள்.

ஏப்ரல் 25, வியாழன்

தியாகு பதினெட்டை எடுத்துவிட்டு, எல்லா இடத்துக்கும் புது வெர்ஷனை நெட் வழியே அனுப்பிவிட்டார். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இன்று காலையிலிருந்து போன் அடிக்கிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் எண் குதித்திருக்கிறது அல்லவா. நான் எடுக்குமுன் அவரே எடுத்தார். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “ஒண்ணும் இல்லீங்க. புது வெர்ஷன்ல கொஞ்சம் கூடத்தான் காட்டும். டிஸ்ப்ளே மட்டும்தான்.” வரிசையாக அதே வாக்கியம்.

போனை வாங்கி அணைத்தேன். பிரான்சிஸுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“தூசி அடைஞ்சிருந்தது நிஜம்தானே. நல்ல ஆளு, வேற வேலை கிடைக்கும்” என்றார். சொல்லிவிட்டு அவராலேயே அங்கே நிற்க முடியவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாளை நான் பல்லடம் போகிறேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

சிங்காநல்லூர் போய்ப் பல்லடம் பஸ் ஏறினேன். நாச்சிமுத்து அண்ணனிடம் எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனேன். அடித்து விரட்டினாலும் நின்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“உக்காருங் அம்மிணி” என்றார். மோர் வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு, அலாரம், பிரான்சிஸ் முன்கூட்டியே கேட்டது, நான் வேண்டாம் என்றது, எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. முடித்ததும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த நம்பர் கொறைச்சது எனக்குத் தெரிஞ்சதுதானுங்களே.”

எனக்குப் புரியவில்லை.

“நாந்தானுங் தியாகு தம்பிகிட்டக் கேட்டேன், போன வருசம். இந்தப் பிரான்சிசு அந்த நம்பரைப் பாத்துப் பாத்து மெசினை நிறுத்திப் போடறான், வேலை கெடுதுங், அதைக் கொஞ்சம் எறக்கி வையுங்னேன். வேற ரெண்டு பேரும் கேட்டாங்கன்னு தம்பி சொன்னாப்பல. உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

கேட்டாங்க, இறக்கிக் காட்டினேன். போனில் பலர் புலம்பியதைத்தான் தியாகு அப்படிச் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அலாரமும் அதுலதான் தொங்குதுன்னு நான் என்னத்தைக் கண்டேன். அது உங்க வேலைங்.”

“தெரிஞ்சுமா அண்ணா பிரான்சிஸை அனுப்புனீங்க?”

“என்ற தங்கச்சி ஈசுவரிக்கு இதுல பாதிப் பங்குங். அவளுக்கு ஒரு பதில் சொல்லோணுமில்லீங்களா. அவன் சர்ச்சுக்குப் போனது பொய்யில்லையே.” மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். “குடிங் அம்மிணி. இது உங்களுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. இதோட விட்டுருங்.”

எவ்வளவு அன்பாகச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. டம்ளரைத் தொடாமல் எழுந்து வெளியே வந்தேன். எந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் என்று மறந்து எதிர்த்திசையில் வெகுதூரம் நடந்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, சனி

பிரான்சிஸ் வீடு பல்லடத்திலேயே, மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீடு. சாமான்களை அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி ஸ்டெல்லா ஒரு பெட்டியைத் திருப்பிப் போட்டு உட்காரச் சொன்னார்.

சொன்னேன். நேற்று ஒருமுறை சொன்னதால் இன்று சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பிரான்சிஸ் தன் கையை விரித்து அதையே பார்த்தார்.

“அன்னைக்குக் காலையில கிளம்புறப்ப பெட்டி மேல கை வச்சேன் மேடம். சுட்டுச்சு. வெடுக்குன்னு எடுத்துட்டேன். ஸ்கிரீனைப் பாத்தா எழுபத்தொன்பது. சரி, நம்ம கைதான் ஏதோன்னு கிளம்பிட்டேன். இத்தனை நாளா என் கையைத்தான் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.”

நான் தலையை நிமிர்த்தவில்லை.

“அந்த இன்னொரு புரோகிராம் இருந்திருந்தா தொண்ணூத்தேழுன்னு காட்டியிருக்கும்ல?” என்றார். “நீங்க சொன்னதாலதான் அதை அழிச்சேன்.”

திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஸ்டெல்லா உள்ளே போய்விட்டார். முதலாளிக்கு முன்பே தெரியும் என்று சொன்னபோது மட்டும் பிரான்சிஸ் எழுந்து வாசலில் போய் நின்றார். திரும்பி வந்ததும் கேட்டது வேறு.

“மத்த ஹேட்சரிக்கெல்லாம் சொல்லியாச்சா?”

புது வெர்ஷன் போய்விட்டது, ஆனால் டிஸ்ப்ளே மட்டும்தான் என்று தியாகு சொல்லிவிட்டார் என்றேன்.

“அப்ப சூடு நிஜம்னு தெரியாம இன்னும் ஆபத்துல தானே இருக்காங்க. போனைப் போடுங்க.”

அந்த வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். நான் தொடங்குவேன், தப்பு எங்கள் புரோகிராமில் என்று சொல்வேன், நம்பாதவர்களிடம் பிரான்சிஸ் வாங்கிப் பேசுவார். சிலர் கத்தினார்கள். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார். உடுமலையில் சாந்தாமணி அக்கா, “உங்க வீட்டுக்காரரு ஒண்ணும் இல்லைன்னாருங்களே, அலாரம் சும்மா கத்துதுன்னு வயரைப் பிடுங்கிப் போட்டுட்டோம்” என்றார். பிரான்சிஸ் போனைப் பிடுங்கினார். “அக்கா, இப்பவே ஆளைப் போட்டுக் காத்துக் கதவைக் கையால திறங்க. அப்புறம் பெட்டியை நிறுத்துங்க. போனை வைக்காதீங்க, நான் இருக்கேன்” என்றார்.

மறுமுனையில் ஓடுகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். ஸ்டெல்லா கதவருகே வந்து நின்றார். நாங்கள் மூவரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சாந்தாமணி அக்காவின் குரல்: “ஃபேன் சுத்தவே இல்லைங் தம்பி. உருகிப்போய் இருக்குது.”

அங்கே நாளை மறுநாள் பொரிக்க வேண்டிய முட்டைகள் இருந்தன. பிரான்சிஸ் சட்டையை மாட்டிக்கொண்டு உடுமலைக்கு பஸ் ஏறினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

உடுமலையில் பொரித்துவிட்டன. பிரான்சிஸ் போன் செய்தார். அவர் பேசியது சரியாகக் கேட்கவில்லை. பின்னால் அவ்வளவு சத்தம். வைத்த பிறகு நெடுநேரம் அழுதேன்.

ஈசுவரி அம்மாவின் நம்பரை வாங்கி நானே பேசினேன். வியாழக்கிழமை எல்லோரும் வாருங்கள், என் முன்னால் சொல்லுங்கள் என்றார்.

தியாகுவிடம் சொன்னேன். வரச் சொல்லவில்லை.

மே 2, வியாழன்

காலையில் நான் கிளம்பும்போது அவர் சட்டை போட்டுக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தார்.

ஹேட்சரி ஆபீஸ் அறையில் ஈசுவரி அம்மா, நாச்சிமுத்து அண்ணன், பிரான்சிஸ். நான் பேச வாயெடுக்குமுன் தியாகு எழுந்து நின்றார். மேடைப் பேச்சே வராதவர். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணன் கேட்டாருங்க. நான் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. அலாரமும் அதுல சேரும்னு பாக்காம விட்டது என் தப்பு. பிரான்சிஸ் மேல ஒண்ணும் இல்லைங்க. அவர் சரியாத்தான் கேட்டிருக்கார். இவளுக்கு எதுவும் தெரியாது, இவளை ஒண்ணும் சொல்லாதீங்க.”

ஈசுவரி அம்மா தன் அண்ணனைப் பார்த்தார். “நீ கேட்டியா?”

நாச்சிமுத்து அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. “அந்தப் பையன் தலையில போட்டுட்டு என்ற வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுப் போனியேண்ணா” என்றார். பிறகு பிரான்சிஸிடம், நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்.

பிரான்சிஸ் எழுந்தார். “உடுமலையில சேந்துட்டேங்க. நான் தப்புப் பண்ணலைன்னு நாலு பேர் முன்னால சொன்னாப் போதும்னுதான் வந்தேன்” என்றார். கைகூப்பிவிட்டுப் போனார். என்னைத் தாண்டும்போது என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். இவளுக்கு எதுவும் தெரியாது என்று தியாகு சொன்னபோதும் அப்படித்தான் பார்த்தார்.

எங்கள் பெட்டியை அங்கே இனி வைத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு சிலரும் விலகிவிட்டார்கள். இருப்பவர்களுக்குச் சங்கைத் தனியாக, கம்ப்யூட்டரோடு சம்பந்தமில்லாமல் மாட்டித் தரப்போகிறோம். இனி புரோகிராமில் ஒரு வரி மாற்றினாலும் இருவரும் உட்கார்ந்து படித்த பிறகே அனுப்புவது என்று நான் சொன்னேன். சரி என்றார்.

திரும்பும்போது காரணம்பேட்டையில் லாரி நெரிசலில் நின்றோம். அவர் ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“போன் எல்லாம் திடீர்னு நின்னுச்சே பிரபா. ஒரு தடவைகூட நீ ஏன்னு கேக்கலை. உனக்கு நிஜமாவே தெரியாதுல்ல?”

“தெரியாது” என்றேன்.

அவர் தலையாட்டினார். லாரி நகர்ந்தது. வீட்டுக்கு வந்து, மிருவை அக்கா வீட்டிலிருந்து கூட்டிவந்து, தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் யோசிக்கவே இல்லை. கேட்ட உடனே வந்தது. இப்போது பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், இவ்வளவு பெரிய வித்தியாசம் வராதே என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.